பில்லில் ‘மற்றஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால்

யாழ்ப்பாணத்துக் கடையில் “மெத்தை இருக்கோ?” என்று கேட்டால் ஒரு சாமானையும், “மற்றஸ் இருக்கோ?” என்று கேட்டால் இன்னொரு சாமானையும் காட்டுவார்கள். பேச்சு வழக்கில் மெத்தை என்றால் கோடு போட்ட துணியில் பஞ்சு அடைத்துக் குத்தித் தைத்தது. மற்றஸ் என்றால் கொம்பனியிலிருந்து பொலித்தீன் சுற்றி வருவது. இது நாங்கள் வசதிக்காகப் பிரித்துக்கொண்ட பிரிவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆள் படுக்கும் அளவுக்குத் தைத்து, உள்ளே எதையாவது அடைத்திருந்தால் அது மற்றஸ். பஞ்சோ, தும்போ, கம்பிச்சுருளோ, அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை.

சொல்லின் பிறப்பும் அப்படித்தான். அரபு மொழியில் ‘மத்ரஹ்’ என்றால் எதையாவது எறிந்து போடும் இடம். தரையில் விரிப்பைப் போட்டுப் படுக்கும் பழக்கத்திலிருந்து வந்த அந்தச் சொல், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆகவே அது இடத்தைச் சொல்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. எங்கள் ‘மெத்தை’ மெத்தென்ற தன்மையைச் சொல்கிறது. ‘பஞ்சசயனம்’ என்று பழைய ஆட்கள் பேர் வைத்தபோது மட்டும் உள்ளே என்ன என்று கணக்குக் காட்டினார்கள்: இலவம்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்று ஐந்து வகை அடைத்த படுக்கை. இன்றைய பில் அவ்வளவு விவரம் தருவதில்லை. ‘டபிள் மற்றஸ் 1’ என்று இருக்கும். உத்தரவாதச் சண்டை வரும்போது அந்த ஒரு வரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

‘பெட்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தொலைபேசியில் “டபிள் பெட் ஒன்று அனுப்புங்கோ” என்றால் வெறும் கட்டிலும் வரலாம், வெறும் மெத்தையும் வரலாம். ‘ரொப்பர்’ என்று விற்பது மெத்தைக்கு மேலே போடும் ஒன்றிரண்டு அங்குலத் தகடு, அது மெத்தை இல்லை. ‘புரொடெக்டர்’ வெறும் உறை.

இனி இங்கே கிடைக்கும் வகைகளை உள்ளே இருப்பதை வைத்தே பார்க்கலாம். ஆர்பிகோ, டாம்றோ போன்ற இலங்கைப் பெயர்களிலும் பல தரங்கள் உண்டு. அதனால் பேரைச் சொல்லி நல்லது, கூடாது என்று ஒரே வாயில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் இலவம்பஞ்சு. யாழ்ப்பாண வெக்கைக்கு இதைப்போல இன்னொன்று இல்லை. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று நிறைந்த குழாய். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் இலேசில் ஊறாது. ஒரு காலத்தில் கடலில் போடும் மிதவை அங்கிகளுக்குள் அடைத்ததும் இதைத்தான். குறை என்னவென்றால் இந்த இழைக்கு வில்போல நிமிரும் தன்மை குறைவு. ஆள் படுக்கும் இடம் பள்ளமாகி, பஞ்சு கட்டிபட்டு ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை அடித்து, திரும்பவும் அடைத்துத் தைக்கவேண்டும். அப்போது தூளாகக் கழியும் அளவுக்குப் புதுப் பஞ்சும் சேர்க்கவேண்டி வரும். இந்த வேலை செய்ய ஆள் கிடைக்கும் ஊரில் இருந்தால் மட்டும் பஞ்சு மெத்தை வாங்குங்கள்.

மூன்றடிக்கு ஆறடி, நாலு அங்குல உயர மெத்தைக்குச் சுமார் 10 கிலோ பஞ்சு வேண்டும். தலையணைக்கு ஒரு கிலோ, கொஞ்சம் கூட. மெத்தையில் எட்டுக் கிலோவுக்குக் கீழே அடைத்தால் முதல் மாதத்திலேயே கட்டில் பலகை முதுகில் தட்டும். துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கவேண்டும். இலவம் இழை மிக மெல்லியது, ஐதான துணி என்றால் வெளியே கசிந்து மூக்கில் ஏறும். அடைத்த பிறகு துணி உப்பி, நீள அகலம் சுருங்கும். அதனால் வெட்டும்போதே இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கட்டிலில் ஓர் இடைவெளி விழும், பிள்ளைகளின் கால் சரியாக அதற்குள்தான் போகும். குத்துத் தையல் ஒன்பது பத்து அங்குலத்துக்கு ஒன்று இருந்தால் பஞ்சு நகராது.

கலப்படம் இந்த வகையில்தான் அதிகம். தையல் ஆலைக் கழிவுத் துணியை நார்நாராகக் கிழித்துக் கலந்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு அமுக்கிப் பாருங்கள். இலவம்பஞ்சு மேலே வந்துவிடும், துணிக்கழிவு ஊறிக் கீழே போகும். கையில் பட்டுப்போல வழுக்கிக்கொண்டு ஓடினால் நல்லது. நிறம் நிறமாக நூல் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம். விதை முழுதாக எடுக்காத பஞ்சும் வரும். அந்த மெத்தைக்கு எலி தேடி வரும்.

இன்னொரு விடயம், இலவம்பஞ்சு மிக விரைவாகத் தீப்பிடிக்கும். கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள் கொளுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மெத்தை வேண்டாம், அல்லது அந்தப் பழக்கம் வேண்டாம்.

அடுத்தது தேங்காய்த் தும்பு. இதில் இரண்டு இருக்கிறது, கடையில் இரண்டையும் ‘தும்பு மெத்தை’ என்றே சொல்வார்கள். ஒன்று வெறும் தும்பை அடைத்துத் தைத்தது. விலை குறைவு, கனம் அதிகம், சீக்கிரம் மண்போலப் பொடியும். வாடி, கடை, காவல் கொட்டில் போன்ற இடங்களுக்குப் போதும். மற்றது றப்பர் தும்பு. முறுக்கிச் சுருளவைத்த தும்பில் றப்பர் பாலை விசிறி, அழுத்தி, சூட்டில் பதப்படுத்திய கட்டி. சுருண்ட தும்பு வில்போல் நிற்கிறது, றப்பர் பால் இழைகளைத் தொடும் இடங்களில் பிடித்துவைக்கிறது. இடையெல்லாம் வெளி என்பதால் காற்று ஓடும். இரண்டு மூலப்பொருளும் இலங்கையிலேயே விளைவதும் ஒரு வசதி.

றப்பர் தும்பின் தரத்தைக் கண்டுபிடிக்க ஸிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க விடாத கடையில் அந்தச் சாமானை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. உள்ளே மண்ணிறக் கட்டியை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் தூள் கொட்டக்கூடாது. கொட்டினால் றப்பர் பால் போதாது, இரண்டு வருடத்தில் நடுப்பகுதி பொடியாகிப் பள்ளம் விழும். முழங்காலால் அமுக்கி எடுத்துப் பாருங்கள், தடம் உடனே நிமிரவேண்டும். மூலையில் தகடுகள் ஒட்டுவிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு அங்குலம் என்பது பலவேளை இரண்டு அங்குலத் தகடு இரண்டை ஒட்டியது. அதில் பிழையில்லை, ஒட்டு நல்லதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதன் பலவீனம் மடிப்பு. ஓட்டோவின் கூரையில் வளைத்துக் கட்டி, குறுக்கே கயிறு இறுக்கிச் சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனால், கயிறு இறுகிய இடத்தில் றப்பர் பிணைப்பு முறிந்துவிடும். வீட்டில் இறக்கும்போது ஒன்றும் தெரியாது, ஆறு மாதத்தில் அந்தக் கோட்டில் உடையும். லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியிலோ சின்ன லொறியிலோ தட்டையாக வைத்துக் கொண்டுபோக வேண்டும். கடையே கொண்டுவந்து தரும் என்றால் அந்தச் செலவு வீண் இல்லை.

இனி ஃபோம். ஏமாற்று அதிகம் நடக்கக்கூடியது, ஆனால் வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தால் பிடிக்கக்கூடியதும் இதுதான். ஃபோமின் தரம் அடர்த்தியில், அதாவது ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ என்பதில் இருக்கிறது. 18 என்பது குசனுக்கும் பொதி சுற்றவும் போதும். வளர்ந்த ஆள் தினம் படுக்க 28க்குக் குறையக்கூடாது, 32 நல்லது, 40 என்றால் நெடுநாள் நிற்கும். கணக்கு இலேசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000ஆல் பிரித்தால் கன மீற்றர் வரும். 72க்கு 36க்கு 4 என்றால் 0.17. அதை 32ஆல் பெருக்கினால் சுமார் 5.4 கிலோ. உறையைக் கழற்றிய ஃபோம் 3 கிலோதான் நிறுக்கிறது என்றால் அது 18, விற்பவர் என்ன சொன்னாலும். 72க்கு 60க்கு 6 அங்குலம் 32 அடர்த்தியில் 13.6 கிலோ வரவேண்டும்.

அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அடர்த்தி குறைந்த ஃபோமையும் மருந்து சேர்த்துக் கடினமாக வார்க்கலாம். கடையில் கையால் அமுக்கிப் பார்த்து “நல்ல இறுக்கமா இருக்கு” என்று வாங்குவது அப்படித்தான் பிழைக்கிறது. மூன்று மாதத்தில் அந்த இறுக்கம் போய்விடும்.

தராசு பிடிக்காத ஒன்று உண்டு: துண்டு ஃபோம். வெட்டிக் கழித்த துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. ஸிப்பைத் திறந்தால் பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் இருக்கும். அடர்த்தி 80, 90 என்று கனமாக நிற்கும். அது மோசமான பொருள் இல்லை. அடியில் போடும் தாங்கும் தட்டாக நல்லது. அதையே முழு மெத்தையாக விற்று ‘ஹார்ட் (கடின) மற்றஸ், வைத்தியர் சொன்னது’ என்று பேர் வைப்பதுதான் பிழை.

ஃபோமின் பெரிய குறை சூடு. பகல் முழுக்க வெயில் வாங்கிய கொங்கிறீற் கூரையும் சீமெந்துச் சுவரும் இரவு பத்து மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். ஃபான் மேலிருந்து காற்றுத் தந்தாலும் முதுகு படும் பக்கம் ஃபோம் சூட்டை வைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் ஆறு அங்குல ஃபோமில் படுப்பவர்கள் நடுச்சாமத்தில் பாயை விரித்துக்கொண்டு தரைக்கு இறங்குவது இதனால்தான். இரவெல்லாம் ஏசி ஓடும் அறைக்கு இது பொருந்தும்.

லேற்றெக்ஸ் என்று விற்பது றப்பர் பாலை நுரைக்கவைத்து வார்த்தது. 1929இல் டன்லப் றப்பர் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் தொடங்கிய முறை இன்றும் நடக்கிறது. ஊசித்துளைகள் வரிசையாக இருப்பதால் சாதாரண ஃபோமைவிட வெக்கை குறைவு, பள்ளம் விழுவதும் மிகக் குறைவு. விலையும் கனமும்தான் தடை. இரட்டைக் கட்டில் அளவு, ஆறு அங்குலம் என்றால் 30 கிலோவைத் தாண்டும், ஓர் ஆளால் புரட்ட முடியாது. இயற்கை றப்பர் எத்தனை வீதம், செயற்கை எத்தனை வீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து வார்த்ததற்கும் லேற்றெக்ஸ் என்றுதான் பேர்.

யாழ்ப்பாணத்தார் லேற்றெக்ஸைக் கெடுக்கும் வழி இரண்டு. முதலாவது வெயில். பஞ்சு மெத்தையைத் தை பிறந்ததும் முற்றத்தில் காயப்போடுவது நல்ல பழக்கம். அதே பழக்கத்தில் லேற்றெக்ஸையும் காயப்போட்டால் மேற்பரப்பு மஞ்சளாகி, வெடித்து, உதிரத் தொடங்கும். அதற்கு நிழலும் காற்றும் போதும். இரண்டாவது எண்ணெய். தலைக்கு வைத்த எண்ணெய் உறையைத் தாண்டி றப்பரில் ஊறினால் அந்த இடம் உப்பிப் பிசுபிசுக்கும். லேற்றெக்ஸ் தலையணைகள் முதலில் நடுவில் பழுதாவது இதனால்தான். தடித்த உள்ளுறை ஒன்று அவசியம்.

ஸ்பிரிங் பற்றி இங்கே ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, அது பணக்காரச் சாமான் என்று. உண்மையில் இணைப்பு ஸ்பிரிங் வகை நல்ல றப்பர் தும்பைவிட மலிவாகவும் வரும். உள்ளே வெறும் வெளி என்பதால் வெக்கைக்குப் பரவாயில்லை. ஆனால் எல்லாச் சுருளும் கம்பியால் பிணைந்திருப்பதால் ஒருவர் திரும்பினால் மற்றவரும் ஆடுவார். தனித்தனிப் பைக்குள் சுருள் வைத்த வகையில் அந்த ஆட்டம் இல்லை. இரண்டிலும் சுருளுக்கும் ஃபோமுக்கும் இடையே தடித்த அமுக்கக் கம்பளித் தட்டு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் சுருள் ஃபோமைத் தின்றுகொண்டு மேலே வரும்.

இதில் ஊரைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும். கோண்டாவில், உரும்பிராய் என்று உள்ளுக்குள் இருப்பவர்கள் வாங்கலாம். குருநகர், வேலணை, நயினாதீவு, மயிலிட்டி, பருத்தித்துறை என்று உப்புக்காற்றில் இருப்பவர்கள் யோசியுங்கள். சன்னல் கம்பி துருப்பிடிக்கும் காற்று உறையின் காற்றுத்துளை வழியாகவும் போகும். முதலில் சத்தம் வரும், பிறகு விளிம்புக் கம்பி முறியும். வேர்வையும் பிள்ளைகளின் மூத்திரமும் அதைத் துரிதப்படுத்தும்.

‘ஓர்தோபீடிக்’ என்ற எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம். அது எவரும் சோதித்துத் தந்த பட்டம் அல்ல, கொம்பனி தானே ஒட்டிக்கொள்வது. நாரி (கீழ்முதுகு) நோவுக்குப் பலகைபோல் இறுகியதுதான் நல்லது என்ற நம்பிக்கையும் சரியில்லை. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு, நெடுநாள் நாரி நோவுள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தது. மிக இறுக்கமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கத்தில் படுத்தவர்களுக்கே நோவு கூடக் குறைந்தது. கடையில் சோதிக்க வழி: நிமிர்ந்து படுத்து, நாரிக்குக் கீழே கையை விடுங்கள். கை தாராளமாக ஓடினால் கூட இறுக்கம், நுழையவே மறுத்தால் கூட மென்மை. கொஞ்சம் உராய்ந்து போனால் சரி. பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எதைத் தெரிவதென்று கேட்டால், ஃபானில் படுக்கும் சாதாரண யாழ்ப்பாண வீட்டுக்கு நாலு அங்குல றப்பர் தும்பின் மேல் ஒன்றரை அல்லது இரண்டு அங்குல லேற்றெக்ஸ் சேர்த்தது முதலிடம். வசதி குறைந்தால் வெறும் றப்பர் தும்பு ஐந்து அங்குலம், மேலே ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பு. ஆள் கிடைக்கும் ஊரில் இலவம்பஞ்சும் இதற்குச் சமம். ஃபோம் மட்டும் உள்ளது விருந்தினர் அறைக்கு.

அளவில் நடக்கும் பிழை பெரும்பாலும் பழைய கட்டிலில்தான். கடைகளில் 72 அங்குல நீளம் வழக்கம், 36, 48, 60, 72 என்று அகலம். முதிரையிலும் வேம்பிலும் தச்சுத் தொழிலாளி செய்த கட்டில்கள் ஆறேகால் அடி, ஆறரை அடி என்று அவரவர் கைக்கணக்கு. சட்டத்தின் உள்பக்கத்தை மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததை எடுத்து, அரை அங்குலம் கழித்துச் சொல்லுங்கள். அடிச் சலாகைகளுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் வெளி இருந்தால் ஃபோமும் லேற்றெக்ஸும் அந்த வெளிக்குள் இறங்கும். பனை நார்க்கட்டிலில் பஞ்சு மெத்தை மட்டும்தான் சரிவரும். நார் தொய்யும்போது பஞ்சு கூடவே வளையும், றப்பர் தும்பு முறியும்.

உயரத்தை யோசிக்கும்போது நுளம்பு வலையை மறக்கவேண்டாம். ஐந்தங்குல மெத்தைக்கு அளவாக வாங்கிய வலை பத்தங்குல ஸ்பிரிங் மெத்தையில் கீழே செருகப் போதாது. மாரி முடிய நுளம்பு பெருகும் ஊரில் அந்த ஐந்தங்குல இடைவெளி சின்ன விடயமில்லை. வயது போனவர்களுக்கு, கட்டில் விளிம்பில் இருந்தால் பாதம் முழுதாக நிலத்தில் படவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இங்கே சொன்ன எதுவும் போதாது. காற்று அறைகள் மாறி மாறி ஊதும் மெத்தை வேண்டும், அதுவும் மின்சாரம் நின்றால் இறங்கிவிடும். அது இருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டத்தான் வேண்டும்.

பில்லில் என்ன எழுதவேண்டும் என்றால், மூன்று அளவும், ஒவ்வொரு படையும் எது, எத்தனை அங்குலம், ஃபோம் என்றால் அடர்த்தி, உத்தரவாதம் எத்தனை அங்குலப் பள்ளத்துக்கு என்பதும். ‘பத்து வருடம்’ என்ற எழுத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் என்ற நிபந்தனை இருக்கும். கறை பட்டால் உத்தரவாதம் இல்லை என்றும் பல அட்டைகளில் இருக்கும். பள்ளத்தை அளக்க, நேரான தடி ஒன்றைக் குறுக்கே வைத்து நடுவில் அடிமட்டத்தை இறக்குங்கள், ஆள் படுத்திருக்கும்போது அல்ல. திருவிழாக் காலத் தள்ளுபடியில் வாங்கும்போது இந்த விவரம் எல்லாம் பில்லில் இருந்து காணாமல் போவது வழக்கம், அப்போதும் விடாமல் எழுதிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றிவிடுங்கள். ஊத்தை படும் என்று அப்படியே வைத்துப் படுத்தால் வேர்வை வெளியேற வழியின்றி உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரைல் நிலத்தில் நேராகப் போட்ட மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழுவதும் இதே காரணத்தால்தான். நிலத்தில்தான் போடவேண்டும் என்றால் கீழே சலாகைத் தட்டு ஒன்று, காலையில் எடுத்துச் சுவரில் சாத்திவைத்தல். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றுங்கள். மேல்படை ஒரு பக்கம் மட்டும் உள்ளதைக் கவிழ்க்கக்கூடாது.

மூட்டைப்பூச்சி பெரும்பாலும் மெத்தைக்குள் அல்ல, ஓரத் தையல் மடிப்பிலும் கட்டில் பொருத்துகளிலும் இருக்கும். வெயிலில் போட்டால் சாகும் என்று நம்பவேண்டாம், மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். கட்டில் பொருத்துகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, மெத்தையை ஸிப் உள்ள முழு உறைக்குள் அடைத்து வைப்பதுதான் வழி. பாவித்த மெத்தையை மலிவாகக் கிடைக்கிறதென்று ஓரத் தையலைப் பார்க்காமல் வாங்குவது இதை வீட்டுக்கு வெற்றிலை வைத்து அழைப்பது.

பழசைக் கழிக்கும்போது ஃபோமை வளவுக்குள் கொளுத்தவேண்டாம், அந்தப் புகையில் சயனைட் வாயுவும் கலந்திருக்கும். றப்பர் தும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மாங்கன்று, எலுமிச்சைக்குக் கீழே பரப்பலாம், ஈரம் காக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் நடுப்பகுதிப் பஞ்சுதான் செத்திருக்கும். ஓரத்துப் பஞ்சைத் தனியே எடுத்து அடித்தால் நாலு தலையணை தேறும்.